நத்தார் ராத்திரியும் தலைப்பிள்ளையும்: இலங்கை மலையகத்து வீட்டு நினைவுகள்

மஸ்கெலியாவிலிருந்து

நான் பிறந்தது 1974 டிசம்பர் 24 இரவு, நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) முதல் நாள். எங்கள் அம்மாவுக்கு நான்தான் தலைப்பிள்ளை. அந்த வருடத்தை எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் "பஞ்ச வருசம்" என்றுதான் சொல்வார்கள். அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. பாண் வாங்க விடியுமுன்னே போய் வரிசையில் நிற்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கு கிடைத்த வீட்டில் அடுப்பு எரிந்தது, மற்ற வீட்டில் சாயத்தண்ணிதான். பட்டினியால் செத்தவர்கள் தோட்டங்களில் உண்டு. அப்படிப்பட்ட டிசம்பரில் அம்மா நிறைமாதம் வரைக்கும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார். பேர் விழாவிட்டால், அதாவது அன்றைய வேலைக் கணக்கில் பேர் பதியாவிட்டால், சம்பளம் இல்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அம்மாயி. வருடா வருடம் நத்தாருக்கு முதல் நாள் பலகாரச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். ஒரு வருடம் விட்டதை மறு வருடம் சேர்த்துச் சொல்வார். அவர் போன பிறகு அம்மா சொன்னார். இப்போது அம்மாவுக்கும் பாதி மறந்துவிட்டது. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பா வீடு வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அம்மா வீட்டில் மாரியம்மனைக் கும்பிடுவார்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வேத வீடுகள் மிகக் கொஞ்சம், ஆனால் கரோல் கோஷ்டியில் பாதிக்கு மேல் திருநீறு பூசுகிறவர்கள். டோலக்கு அடிப்பவர் கோயில் பூசாரியின் தம்பி. அவர் இல்லாமல் கரோல் புறப்பட்டதே இல்லையாம். அன்றைக்கு லயத்துக்குக் கரண்டு வரவில்லை, குப்பி லாம்புதான். கரோலுக்கு மட்டும் ஸ்டோரில் இருந்த பெற்றோமாக்ஸ் லாம்பு ஒன்றைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு இரவல் வாங்குவார்கள்.

அன்று இருட்டிய பிறகு அம்மாவுக்கு வலி கண்டிருக்கிறது. மருத்துவிச்சி அம்மா இருந்தது மேல் டிவிசனில், டிஸ்பென்சரிக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸில். மாமா ஓடினார். கரோல் கோஷ்டியும் அந்தப் பக்கம்தான் பாடிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் டோலக்கை நிறுத்திவிட்டு, லாம்பைத் தூக்கிப் பிடித்து, மருத்துவிச்சி அம்மாவைக் குறுக்குப்பாதையில் நடுவே விட்டு இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மழை பெய்து படிக்கட்டெல்லாம் வழுக்கலாம். காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) பெண்கள், இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஆண்கள். அந்த லாம்பில் காற்றுக் குறைந்தால் வெளிச்சம் மங்கிவிடும். உள்ளே பம்ப் பண்ணத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால் லாம்பை வாசல் வழியாக வெளியே நீட்டுவார்களாம். மாமா பம்ப் அடித்து உள்ளே கொடுப்பாராம். இப்படிப் பல தடவை. கடைசியில் லாம்பு இஸ்தோப்பில் இருந்த நேரத்தில், அடுப்பு வெளிச்சத்தில்தான் நான் பிறந்தேன். பிறகுதான் லாம்பு உள்ளே வந்தது. "பொம்பளப் புள்ள, நல்லாருக்கா" என்று மருத்துவிச்சி அம்மா சொல்லியிருக்கிறார்.

அம்மாயி என் நெற்றியில் திருநீறு வைத்தார். அப்பாயி வேதக் கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஆசீர்வாதத் தண்ணியைத் தெளித்தார். இரண்டு பேரும் அதுவரை அவ்வளவாகப் பேசிக்கொள்ளாதவர்கள். கல்யாணத்தில் மனக்கசப்பு. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே கம்பளியில் காலை நீட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். கரோல்காரர்கள் லாம்பை எங்கள் காம்பராவிலேயே விட்டுவிட்டு, பந்தம் கொளுத்திக்கொண்டு மிச்ச லயங்களுக்குப் போய்ப் பாடினார்கள்.

மறுநாள் நத்தார். வீட்டில் அரிசி இல்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி வைக்க வேண்டும். அம்மாயி அரிசி அளக்கிற சுண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு லயத்தில் முதல் காம்பராவிலிருந்து கடைசியில் இருக்கிற தொங்கக் காம்பரா வரைக்கும் போனார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி. அவர்களிடமும் மிச்சம் இருந்ததில்லை, அடுத்த வேளைக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்தது. தொங்கக் காம்பராவில் அரிசியே இல்லை. அவர்கள் நாலு பல் பூண்டு கொடுத்தார்கள். யார் வீட்டில் கை நிறைய வந்தது, யார் வீட்டில் விரல் இடுக்கில் வந்தது என்பதெல்லாம் சாகும்வரை அம்மாயிக்கு நினைவிருந்தது. குறைவாகக் கொடுத்தவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். "அந்த வீட்ல நாலு புள்ளைங்க இருந்துச்சுங்க. அந்த விரல் எடுத்ததே பெருசு."

என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தோட்டத்துப் பெயர் இருக்கிறது. ஆனால் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவள் என்பதால், பிறந்த மண்ணில் அன்றைக்கு எனக்குப் பிரஜாவுரிமை இருக்கவில்லை. 1988 சட்டத்துக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு அது வந்தது. அதை நினைக்கிறபோது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. ஒரு பிடி அரிசி கொடுத்தவர்களில் சில குடும்பங்கள் அதற்கு முன்பே பாஸ்போட் எடுத்து இந்தியாவுக்குப் போய்விட்டார்கள்.

எண்பதுகளின் நத்தார் எனக்கே நினைவிருக்கிறது. பங்களா வேலியிலிருந்து சைப்பிரஸ் கிளை, குடிலுக்குத் தேயிலைத் தூரிலிருந்து உரித்த பாசி, மூங்கில் சிம்பில் டிசுத் தாள் ஒட்டிய நட்சத்திரம். நள்ளிரவுப் பூசைக்கு டவுனுக்கு நடந்தே போவோம். டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவோடு சிவனொளிபாதமலை யாத்திரை தொடங்கிவிடுவதால், மேகம் இல்லாத இரவில் மலையின் உச்சி வரைக்கும் விளக்கு வரிசை தெரியும். கீழே மவுசாக்கலைத் தண்ணீர். பழைய மஸ்கெலியா டவுன் அதற்கு அடியில்தான் இருக்கிறது என்று அப்பா காட்டுவார்.

என் தலைப்பிள்ளையும் டிசம்பரில்தான் பிறந்தாள், 2001இல். வீட்டுக்காரருக்கு அப்போது கொழும்பில், புறக்கோட்டையில் கடை வேலை. பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பிய எந்த மலையக வீட்டைக் கேட்டாலும் சொல்வார்கள்: பொலிஸ் பதிவு, லொட்ஜில் நடுராத்திரிச் சோதனை, தமிழ்ப் பெயர் என்றாலே விசாரணை. அந்த மாதம் 5ஆம் திகதி தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. 24 நள்ளிரவிலிருந்து ஒரு மாதத்துக்குப் போர்நிறுத்தம் என்று புலிகள் அறிவித்தார்கள், அரசாங்கமும் அதற்கு ஒத்துவந்தது. எனக்கு 24ஆம் திகதி பகலிலேயே வலி. தோட்டத்து லொறியில் மெத்தை போட்டு, அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பள்ளத்தில் லொறி இறங்கும்போதெல்லாம் அத்தை "முருகா" என்பார், அம்மா "மாதாவே" என்பார்.

பிரசவ அறையில் சிங்களத்தில்தான் கேட்டார்கள். வலியில் எனக்குத் தெரிந்த சிங்களமும் ஓடிவிட்டது. எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்த அட்டெண்டன்ட் அக்கா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் கேட்பதைத் தமிழில் சொன்னார், நான் சொன்னதை அவர்களுக்குச் சொன்னார். 25 விடியற்காலை மகள் பிறந்தாள். வார்டில் மருந்துப் பெட்டி அட்டையை வெட்டி, பஞ்சு விரித்து ஒரு குடில் வைத்திருந்தார்கள். அதைச் செய்தது சிலாபம் பக்கத்து சிங்களக் கத்தோலிக்க நர்ஸ். எல்லாக் கட்டிலுக்கும் போய் ஒரு துண்டு கேக் கொடுத்தார். வீட்டுக்காரர் இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். வழியில் எந்தச் சோதனைச் சாவடியிலும் தன்னை பஸ்ஸிலிருந்து இறக்கவில்லை என்பதைத்தான் முதலில் சொன்னார், அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் கேட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அம்மா ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தார். வீட்டில் அரிசி இருந்தும் லயத்தில் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பிடி வாங்கி வைத்த கஞ்சி அது. தொங்கக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. அவர்களிடம் பூண்டு கேட்டு வாங்கியிருக்கிறார்.

உங்கள் வீட்டில் தலைப்பிள்ளை பிறந்தபோது யார் யார் கூட இருந்தார்கள்? நத்தார் காலமாக இருந்தால் இன்னும் நல்லது. எழுதுங்கள்.

தலவாக்கலையிலிருந்து

அக்கா, நாங்கள் இந்துக்கள். ஆனால் நத்தார் எங்களுக்கும் திருநாள்தான். தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கும் அதிரசமும் வேத வீட்டுக்குப் போகும். டிசம்பரில் அதே தட்டு கொக்கிசும் (அச்சில் பொரித்த பலகாரம்) கேக்குமாகத் திரும்பி வரும். வெறுந்தட்டு வரக்கூடாது என்று ஒரு சீனிக்கட்டியாவது வைப்பார்கள். என் மனைவிக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது முதல் குளிப்பாட்டு செய்தது பக்கத்துக் காம்பரா வேதக்கார ஆச்சி. நுவரெலியாப் பக்கத்துக் குளிர், ஜனவரி. வெளியே புல்லில் உறைபனி. அடுப்படியில் சாக்கு விரித்து, கால் இரண்டையும் நீட்டிப் பிள்ளையைக் கிடத்தி, சுடுதண்ணியை முழங்கையில் ஊற்றிப் பார்த்துப் பார்த்துக் குளிப்பாட்டுவார். நாற்பது நாளைக்கு வேறு யாரையும் தொட விடவில்லை. ஆச்சி இப்போது இல்லை. மகன் படித்து கண்டியில் வேலை செய்கிறான். நத்தாருக்கு ஆச்சியின் பேரப்பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்துக்கொண்டுதான் லயத்துக்கு வருகிறான்.

பண்டாரவளையிலிருந்து

எங்கள் கதை கொஞ்சம் கனமானது. சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லத்தான் வேண்டும்.

ஊவாப் பக்கம் வருடக் கடைசி என்றால் வடகீழ்ப் பருவமழை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குப் போனவர்களும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்கள் போனார்கள். என் மனைவியின் சித்தி குடும்பம் அங்கே. சித்தி மலைக்குப் போயிருந்ததால் இருக்கிறார், சித்தப்பா இல்லை. மனைவிக்கு அப்போது ஏழு மாதம், எங்களுக்கு முதல் பிள்ளை. டிவியில் அந்த மலையைக் காட்டக் காட்ட அவள் சாப்பிடவில்லை. கிளினிக் மிட்வைப் மிஸ் வீட்டுக்கே வந்து, திரிபோஷா சத்துமாவைத் தானே உருண்டை பிடித்து வாயில் ஊட்டினார். அவரும் அன்றைக்கு அழுதார்.

அந்த வருடம் எங்கள் கோயில் இளைஞர்கள் டோலக்கு எடுக்கவில்லை. வீடு வீடாகப் போய் ஒரு ஜெபம் மட்டும் சொல்லி, உடுப்பும் பால்மாப் பேணியும் சேர்த்துக்கொண்டு முகாமுக்குப் போனோம். மகன் நத்தாருக்கு இரண்டு நாள் கழித்துப் பிறந்தான். முகாமில் சித்திக்கு நிவாரணத்தில் புதுத் துவாய் ஒன்று கிடைத்திருந்தது. அதை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து பிள்ளையைச் சுற்றினார். "என்கிட்ட இருக்கிற புதுசு இதுதாம்ப்பா." எங்கள் வீட்டில் பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து அந்தத் துவாயிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மகனுக்குக் கதை சொல்லக்கூடிய வயது வந்துவிட்டது. சித்தப்பாவைப் பற்றி அவனுக்குச் சொல்லியிருக்கிறோம்.

கோத்தகிரியிலிருந்து

நான் இப்போது நீலகிரியில் இருக்கிறேன், ஆனால் என் அம்மாவும் அப்பாவும் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். மேலே அக்கா எழுதிய "பாஸ்போட் எடுத்துப் போன" குடும்பம் எங்களைப் போன்றதுதான்.

எழுபதுகளில் ஒரு டிசம்பர். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி (ரயில்) ஏறும்போது அம்மாவுக்கு வயிற்றில் என் அண்ணன். அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். ஏறியவர்களும் அழுவார்கள், பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் அழுவார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். நத்தாரை அங்கேதான் கழித்தார்கள். கம்பளி போர்த்தியே நத்தாரைப் பார்த்த சனத்துக்கு அந்தக் கடற்கரை வெயில் தாங்கவில்லை. குடில் வைக்கப் பாசி இல்லை, மணலில் வைத்தார்கள். அதற்கு நட்சத்திரம் செய்து கொடுத்தது ராமநாதபுரம் பக்கத்திலிருந்து முகாமுக்கு வேலைக்கு வந்த ஒரு பாய். அண்ணன் பிறந்தது முகாமில். கூட இருந்தவர்கள் பதுளை, இரத்தினபுரி என்று வேறு வேறு தோட்டத்துப் பெண்கள், அதுவரை அம்மா முகம் பார்த்திராதவர்கள். பிறகு ஒருவர் கூடலூருக்கும் ஒருவர் கொடைக்கானல் பக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். எங்களுக்குத் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அந்தப் பெண்களை அம்மா மறுபடி பார்க்கவேயில்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் ஜெபத்தில் அவர்களைச் சொல்வார், பேர் தெரியாததால் ஊரைச் சொல்லி.

அக்கா, ஒரு கேள்வி. அம்மா அடிக்கடி தோட்டத்துக் கேக்கைப் பற்றிப் பேசுவார். ஓவன் அடுப்பு இல்லாமல் லயத்தில் எப்படிச் சுட்டார்கள்?

மஸ்கெலியாவிலிருந்து

தம்பி, அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். கேக் இப்படித்தான்: ரவையை வெறுஞ்சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து ஆறவிட வேண்டும். பட்டரும் சீனியும் கையால் குழைத்து, முட்டை ஒன்றொன்றாகச் சேர்த்து, ரவையைக் கொட்டி ஊறவிடுவோம். கஜு, முந்திரி வற்றல் (உலர்ந்த திராட்சை), பூசணித் தோசி (சீனிப்பாகில் ஊறிய பூசணி) எல்லாம் வசதிக்கு ஏற்ப. பெரிய சட்டியின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, தகர மூடி போட்டு, மூடிமேல் சிரட்டைத் தணலை அள்ளிப் போட வேண்டும். கீழே நெருப்பு மெல்ல இருக்கட்டும், மேலே கூட இருக்கட்டும். ஈர்க்கு குத்திப் பார்த்தால் ஒட்டக்கூடாது. டவுனுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டை பேக்கரிக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்துச் சுட்டு வாங்குவார்கள், ஆனால் தணலில் சுட்ட கேக்கின் மேல் பக்கம் கொஞ்சம் கருகி இருக்கும். பிள்ளைகள் சண்டை போட்டது அந்தத் துண்டுக்குத்தான். அம்மாவிடம் எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று கேட்டு எழுதுங்கள். ஹட்டன் பக்கம் எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அவருடைய லயத்தில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கிறேன்.