புதுப்பிப்பு: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாங்கிய நிலத்தின் சிஆர்பி ஒப்பந்தம் எங்கள் பெயருக்கு மாறிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நாங்கள் வாங்கிய நிலத்தில் பழைய உரிமையாளரின் சிஆர்பி ஒப்பந்தம் (மண் அரிப்பைத் தடுக்க, பயிரிடாமல் புல் வளர்ப்பதற்கு அரசு தரும் ஆண்டு வாடகை) பாதியில் இருந்தது. இனி பணம் யாருக்கு என்று கேட்டிருந்தேன்.

"விற்றவரையும் சேர்த்துக்கொண்டு கவுன்டியின் (மாவட்டம் போன்றது) பண்ணைச் சேவை அலுவலகத்துக்குப் போங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. நாங்கள் ஒப்பந்தத்தை ஏற்காவிட்டால், அதுவரை வாங்கிய தொகையை அவர் வட்டியோடு திருப்பித் தர வேண்டிவரும். அதனால் அவரே முன்னால் வந்து நின்றார்! திருத்திய சிஆர்பி-1 படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். அப்புறம் இன்னும் இரண்டு படிவங்கள்: வருமான விவரத்துக்கு சிசிசி-941; மண், சதுப்புநிலப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏடி-1026. வாடகை அக்டோபர் 1-க்குப் பிறகுதான் வரும். ஒருவருக்கு ஆண்டு உச்சவரம்பு 50,000 டாலர்.

எதிர்பாராதது ஒன்று: பறவைகள் கூடுகட்டும் காலம் என்பதால் மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை அங்கே புல் வெட்டக் கூடாதாம். சரி, முட்செடி மண்டினால்? அதற்கும் முன்அனுமதி வேண்டும்.