முள் கடிவாளம் இல்லாமல் மார்வாரிக் குதிரை அடங்காதா?

சேணக்காரன்:
அந்தியூர் ஆடிக் குதிரைச் சந்தை பற்றிய பேச்சில் நேற்று கரிசல் சவாரி எழுதியது இது: "மார்வாரிக் குதிரைக்கு வாயில் முள் இருந்தால்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். மற்றதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்." மார்வாரி என்பது ராஜஸ்தான் குதிரை இனம். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி இருக்கிறது. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். எலும்பின் மேல் மெல்லிய தோல், அவ்வளவுதான். அங்கே முள்ளை வைத்துவிட்டுப் பேச்சைக் கேட்கிறது என்கிறீர்கள். அது வலிக்குப் பயந்து நிற்கிறது, ஐயா! சவாரிக்கோ ஓட்டுவதற்கோ முள் வைத்த கடிவாளம் கூடாது என்று 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளில் 8ஆவது விதி சொல்கிறது. இது வெள்ளைக்காரன் போட்டதல்ல, நம் அரசு போட்டது.

கரிசல் சவாரி:
சட்டப் புத்தகத்துக்குச் சேணம் கட்டி ஏற முடியாது. 22 வருடமாகக் குதிரை வளர்க்கிறேன். குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய பழங்காலக் கிரேக்கர் செனபோனை அடிக்கடி மேற்கோள் காட்டுவீர்களே, அவர் என்ன எழுதினார்? குதிரைக்காரனிடம் குறைந்தது 2 கடிவாளம் வேண்டும். ஒன்று வழவழப்பானது, மற்றது கூரான முள் வைத்தது. 2,300 ஆண்டுகளுக்கு முன்பே முள் இருந்திருக்கிறது.

சேணக்காரன்:
பாதியைச் சொல்லி மீதியை விழுங்குகிறீர்கள். முள் எதற்கு என்றும் அவரே சொல்கிறார். இரும்பைக் கவ்விக்கொண்ட குதிரை அதன் சொரசொரப்புப் பிடிக்காமல் விட்டுவிட வேண்டும்; பிறகு வழவழப்பானதை மாட்டினால் அதை விரும்பி ஏற்கும். அவர் போய்ச் சேர நினைத்த இடம் வழவழப்பான கடிவாளம். கோபத்தோடு குதிரையை நெருங்காதே என்றவரும் அவர்தான். கட்டாயத்தில் குதிரை செய்வது புரியாமல் செய்வது, ஆட்டக்காரனைச் சவுக்கால் அடித்து ஆடவைப்பதைப் போல அதில் அழகே இல்லை என்றவரும் அவர்தான்.

கரிசல் சவாரி:
கட்டாயம் பற்றிய அந்த வார்த்தை அவருக்கு முன்பே குதிரை பற்றி எழுதிய சைமன் என்ற கிரேக்கர் சொன்னது. செனபோன் எடுத்துக்காட்டுகிறார், அவ்வளவே. ஆக, முள் வைத்தார் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

கொள்ளுப்பை:
முள் கடிவாளம் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? வாய்க்குள் போகும் இரும்பில் முள்ளா, கன்னத்தை அழுத்தும் பக்கத் தகட்டில் முள்ளா, முறுக்குக் கம்பியா? மூன்றும் வேறு.

சேணக்காரன்:
முள் முள்தான். 4 வருடத்துக்கு முன் ஒரு சந்தை வியாபாரியிடம் பெட்டைக்குதிரை ஒன்றை வாங்கினேன். நாக்கின் ஓரத்தில் பழைய வெட்டுத் தழும்பு. கையைத் தூக்கினாலே தலையை வானத்துக்கு உயர்த்திக்கொள்ளும். முதல் 3 வாரம் தலைக்கயிறு மட்டும்தான். கயிற்றை லேசாக இழுப்பேன். அது அரை அடி இணங்கிய அதே நொடியில் தளர்த்திவிடுவேன். குதிரைக்குப் பாடம் இழுப்பில் இல்லை, அந்தத் தளர்வில்தான் இருக்கிறது. நான் அருகே போனால் தலையைத் தானாகத் தாழ்த்த 7 மாதம் ஆனது. இன்று உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் நிற்கிறது. மார்வாரிதான், உள்நோக்கி வளைந்த காதைப் பார்த்தாலே தெரியும்.

கரிசல் சவாரி:
அந்தக் குதிரைதானே போன ஆடியில் உங்களைக் கீழே தள்ளியது? நான் கண்ணால் பார்த்தேன்.

சேணக்காரன்:
விழுந்தேன். பக்கத்தில் அதிர்வேட்டு வெடித்தது. முள் இருந்திருந்தால் வேட்டுச் சத்தம் கேட்காமல் போயிருக்குமா? நீங்கள் போட்ட படத்தைப் பற்றி நான் இதுவரை வாய் திறக்கவில்லை. 2 வயதுக் குட்டியின் முதுகில் உங்கள் கனம்! முதுகெலும்பு முழுதாக முதிர 5 வயதுக்கு மேல் ஆகும். மனிதனும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது குதிரை வளர்ப்போர் பலர் கடைப்பிடிக்கும் கணக்கு.

வடகரையான்:
அந்தக் குட்டிக்கு 3 வயது. பல் பார்த்து வாங்கும்போது நானும் கூட இருந்தேன். தெரியாமல் பேச வேண்டாம்.

சேணக்காரன்:
3 ஆனாலும் குட்டிதான். போன வருடம் நொண்டிக் குதிரைக்குச் சாட்சி சொன்னவரும் நீங்கள்தானே.

வடகரையான்:
அந்த விவகாரம் அன்றே தீர்ந்துவிட்டது. லாடக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

கொள்ளுப்பை:
கன்னத் தகடா, வாய் இரும்பா? இன்னும் யாரும் சொல்லவில்லை.

கரிசல் சவாரி:
பேச்சை மாற்ற வேண்டாம். செனபோன் முள் வைத்தாரா, இல்லையா?

சேணக்காரன்:
வைத்தார், கழற்றவும் சொன்னார். 22 வருடத்தில் நீங்கள் எந்த நாள் கழற்றினீர்கள்?

கரிசல் சவாரி:
ஆடிக்கு அந்தியூர் வாருங்கள். என் குதிரை முள்ளோடுதான் வரும்.