முதல் அகழி விழுது, இரண்டாவதுல நின்னுடுது – உதவி தேவை

கேட்டவர்:
முதல் உலகப்போர் மேற்கு முனையை வச்சு ஒரு உத்தி விளையாட்டு ஆடுறேன். ஒரே இடத்துல பீரங்கிகளைக் குவிச்சு அஞ்சாறு டர்ன் அடிச்சுட்டு காலாட்படையை அனுப்புறேன். முதல் அகழி கைக்கு வருது. அடுத்த வரிசைக்குப் போறதுக்குள்ள எதிரியோட ரிசர்வ் (பின்னால காத்திருக்கிற படை) வந்து அடைச்சிடுது. பீரங்கியை இன்னும் கூட்டணுமா?

வரைபடப் பிரியன்:
நேரத்தைக் குறைங்க. அத்தனை டர்ன் அடிச்சா எங்கே வரப்போறீங்கன்னு எதிரிக்குத் தெரிஞ்சுடும். 1916இல் பிரான்சில் நடந்த சோம் போரில் பிரிட்டிஷ் பீரங்கிகள் ஒரு வாரம் 15 லட்சத்துக்கும் மேல் குண்டு வீசின. ஜெர்மானியர் ஆழமான நிலவறைகளில் பதுங்கியிருந்து, குண்டுமழை நகர்ந்ததும் மேலே வந்து இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தினார்கள். ஜூலை 1, அந்த ஒரு நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் செத்தார்கள். நினைக்கவே மனசு கனக்குது.

1918 மார்ச் 21 அன்று ஜெர்மானியர் அடித்தது சுமார் 5 மணி நேரம்தான். முன் அகழியோடு எதிரியின் பீரங்கிகள், கட்டளையிடங்கள், தொலைபேசிக் கம்பிகளையும் குறிவைத்தார்கள். பிறகு சிறு குழுக்கள் பலமான காவல் நிலைகளைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்தன. அந்த நிலைகளைப் பின்னால் வந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பழைய ஆட்டக்காரர்:
ஒரே இடத்துல மோதுறதும் சிக்கல்தான். 1916 ஜூன் 4இல் ரஷ்யத் தளபதி புருசிலோவ் தன் நான்கு படைகளையும் நீண்ட முனையில் பல இடங்களில் இறக்கினார். எது முக்கியத் தாக்குதல்னு புரியாம ஆஸ்திரிய-ஹங்கேரியர் ரிசர்வை எங்கே அனுப்புறதுன்னு திணறினாங்க. நீங்களும் ரெண்டு மூணு இடத்துல தட்டிப் பாருங்க.

கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் நன்றி. மூணு இடத்துல குறுகிய குண்டுவீச்சோட போனேன், ரெண்டாவது வரிசையும் உடைஞ்சுது! ஆனா நாலு டர்ன்ல குண்டு தீர்ந்து படை அப்படியே நிக்குது.

வரைபடப் பிரியன்:
நான் சொன்ன ஜெர்மானியரின் 1918 மார்ச் தாக்குதலும் அப்படித்தான் நின்றது. சில இடங்களில் 60 கி.மீ. வரை போனார்கள், ஆனால் குண்டும் உணவும் பீரங்கிகளும் 1916இல் சோம் போரில் குதறப்பட்ட நிலத்தைத் தாண்டி வரவேண்டியிருந்தது. தற்காப்பவரின் ரிசர்வ் ரயிலில் வரும், உங்கள் ஆள் நடந்துதான் போகணும். அதனால் வேகம் குறைந்ததும் அங்கேயே தள்ளாதீங்க. 1918 ஆகஸ்ட் 8இல் பிரான்சின் அமியான் நகர் அருகே நேச நாடுகள் (பிரிட்டன், பிரான்ஸ் தரப்பு) ஜெர்மன் வரிசையை உடைத்தன. சில நாளில் எதிர்ப்பு கூடியதும் நிறுத்தி, ஆகஸ்ட் 21இல் வடக்கே ஆல்பெர் பக்கம் அடித்தன. உங்கள் பீரங்கியில் பாதியை இப்பவே பக்கத்து முனைக்கு நகர்த்துங்க. எதிரியின் ரிசர்வ் முழுசும் இந்த உடைப்புக்கு வந்து சேர்ந்த டர்னில் அங்கே தொடங்குங்க.