வேலையில்லாதோர் உதவித்தொகை: மாதம் 600 ரூபாய்க்கு இத்தனை சந்தேகமா?

செஞ்சி_வாசகி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 31, பி.ஏ. வரலாறு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து பல வருடம் ஆகிறது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதையும் விட்டதில்லை. அரசு தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, விஏஓ, ஆர்.ஐ. கையெழுத்தெல்லாம் வாங்கி, ஒரு வழியாக வர ஆரம்பித்தது. பட்டதாரிக்கு மாதம் 600. மூன்று மாதத்துக்குச் சேர்த்து 1,800 ரூபாயாகக் கணக்கில் ஏறும்.

இதற்கு வருடா வருடம் "எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை" என்று சுயஉறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். கெடுவுக்குள் நேரில் போய்க் கொடுத்தேன். வாங்கி மேஜை மேல் போட்டுக்கொண்டார்கள், ரசீது கேட்டதற்கு "அதெல்லாம் தருகிற வழக்கம் இல்லை" என்றார்கள். அப்புறம் பணம் நின்றுபோனது. போய்க் கேட்டால் படிவமே வரவில்லை என்கிறார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வரிசையில் இத்தனை பேர் நிற்க, "நீ வீட்டில் டியூஷன் எடுக்கிறியாமே, அப்ப எப்படி வேலையில்லாதவ?" என்று சத்தமாகக் கேட்கிறார் ஒருவர். மாலையில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வருகிறார்கள், ஆளுக்கு மாதம் 200 ரூபாய், அதிலும் பாதிப் பேர் தருவதில்லை. இது யார் போய்ச் சொன்னதோ. பக்கத்தில் இருந்த அம்மா வேறு, "காலாகாலத்தில் கல்யாணம் பண்ணியிருந்தால் இப்படி அலைய வேண்டாமே" என்கிறார். அவரிடம் நான் மாப்பிள்ளை கேட்டா போனேன்?

நான் கேட்க வந்தது இதுதான். எழுத்தில் எதுவும் தராமல் இப்படி நிறுத்தலாமா? டியூஷனைக் காரணம் காட்டி இதுவரை வாங்கியதையும் திருப்பிக் கட்டச் சொல்வார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர்_டெக்ஸ்:

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நேராகவே சொல்கிறேன். எங்கள் ஊரில் ஆள் கிடைக்காமல் பீகாரில் இருந்து கூட்டி வருகிறோம். செக்கிங், பேக்கிங் என்று பெண்களுக்கே எவ்வளவோ வேலை இருக்கிறது. டிகிரி படித்துவிட்டு 600 ரூபாய்க்காக அலுவலக வாசலில் நிற்பதைவிட ஒரு மாதம் இங்கே வந்து பாருங்கள். வரிப்பணத்தைக் கொடுக்கிறவர்கள் நாலு கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

பழைய_குமாஸ்தா:

அம்மா, இந்தத் துறையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

வருடாந்திர உறுதிமொழி வராவிட்டால் தொகையை நிறுத்தலாம், அது விதியில் உள்ளதுதான். ஆனால் நீங்கள் கொடுத்தீர்களா இல்லையா என்பதற்கு அவர்களிடமும் அத்தாட்சி இல்லை, உங்களிடமும் இல்லை, இப்படி இருக்கும்போது எப்போதும் தோற்பது வரிசையில் நிற்பவர்தான். இனி எதையும் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உங்கள் நகலில் சீல் போட்டு வாங்குங்கள், மாட்டேன் என்றால் அதே காகிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

டியூஷன் விஷயம். ஊதியம் பெறும் வேலையிலோ சுயதொழிலிலோ இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. நாலு பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுப்பது சுயதொழிலா என்பதற்கு நான் இருந்த காலத்தில் விளக்கம் ஏதும் கிடையாது, மேஜைக்கு மேஜை மாறும். அதனால் மறைக்காதீர்கள். "அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன், நிலையான வருமானம் இல்லை, மாதத்துக்கு இவ்வளவு கிடைக்கும்" என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தகுதி இல்லை என்றால் அதை அவர் கையெழுத்துப் போட்டு எழுத்தில் சொல்லட்டும். வாயால் சொல்வதற்கு இருக்கிற தைரியம் பேனா எடுத்தால் பல பேருக்கு வராது. திருப்பிக் கட்டச் சொல்வதானாலும் உத்தரவு எழுத்தில்தான் வர வேண்டும், யாரோ வாயால் மிரட்டியதற்காக ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

அவர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்றும் சொல்கிறேன், நியாயப்படுத்துவதற்காக இல்லை. அந்த நாற்காலியில் இருக்கும்போது மேலிருந்து வரும் கேள்வி எல்லாம் "தகுதியில்லாதவருக்குக் கொடுத்துவிட்டாயா" என்பதுதான். தணிக்கைக்கு வந்தவர் ஒருவராவது "தகுதியுள்ள இத்தனை பேருக்கு ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கொடுத்தால் மெமோ வரலாம், கொடுக்காமல் விட்டால் ஒன்றும் வராது. அப்புறம் எந்த ஊழியர் உங்கள் பக்கம் யோசிப்பார்? "கல்யாணம்" பேச்சு மட்டும் எந்த விதியிலும் சேராது, அது வெறும் திமிர்.

செஞ்சி_வாசகி:

மிக்க நன்றி ஐயா, இதுவரை யாரும் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை.

கரூர் அண்ணாவுக்கு: நான் வேலை செய்ய மாட்டேன் என்று எங்கே சொன்னேன்? அப்பாவுக்குப் பக்கவாதம், அம்மா களையெடுக்கப் போனால்தான் அடுப்பு எரியும். நான் கரூரில் ஹாஸ்டலில் தங்கிவிட்டால் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க ஆள் கிடையாது. உள்ளூரில் துணிக்கடையில் நிற்கக் கேட்டேன், காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை என்றார்கள்.

வரிப்பணம் என்கிறீர்கள், கணக்கையும் பார்த்துவிடுவோம். இந்தத் தொகை அதிகபட்சம் மூன்று வருடம்தான். 36 மாதம், 600 வீதம் 21,600 ரூபாய். என் ஆயுளுக்கும் சேர்த்து அரசு எனக்குத் தரப்போவது அவ்வளவுதான். அதை வாங்குவதற்கு முன் ஐந்து வருடம் பதிவில் காத்திருக்க வேண்டும், வயது 40க்குள் இருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45. குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000க்கு மேல் போகக் கூடாது. அதாவது மொத்த வீட்டுக்கும் மாதம் 6,000, நாளுக்கு 200 ரூபாய். எங்கள் வீட்டில் நிஜமாகவே அதற்குக் கீழேதான். ஆனால் இரண்டு பேர் கூலிக்குப் போகும் எந்த வீட்டிலும் இந்தக் கணக்கு நிற்காது, அதனால் எங்கள் பக்கத்தில் பார்த்த சான்றிதழில் எல்லாம் அச்சடித்த மாதிரி அதே 72,000 தான். பொய் சொன்னால்தான் திறக்கும் என்று ஒரு கதவை வைத்துவிட்டு, உள்ளே வந்தவரை எல்லாம் பொய்யர் என்று முறைத்தால் எப்படி?

நூலகத்_தெரு:

இதில் யாரும் பேசாத ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். குடும்பத் தலைவிக்கு 2023 செப்டம்பரில் இருந்து மகளிர் உரிமைத் தொகை 1,000, அதற்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். எல்லாம் நல்ல திட்டங்கள்தான், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் படிக்கும்போது 1,000 வாங்கிய அதே பெண், படித்து முடித்து வேலை கிடைக்காமல் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தால் 600, அதுவும் வரம்பு 72,000! ப்ளஸ் டூ முடித்தவருக்கு 400, பத்தாவது தேறியவருக்கு 300, தேறாதவருக்கு 200. செஞ்சியில் இருந்து விழுப்புரம் போய் வரும் பஸ் செலவு, ஜெராக்ஸ், டீ எல்லாம் கழித்தால் பத்தாவது படித்தவருக்கு என்ன மிஞ்சும்?

பி.இ., சட்டம், மருத்துவம் மாதிரி தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு இது கிடையவே கிடையாது. இன்றைக்கு ஊரில் வேலையில்லாமல் இருப்பதில் எத்தனை பேர் இன்ஜினியர் என்று விதி எழுதினவர் ஒருதரம் வெளியே வந்து பார்க்கலாம்.

என் தம்பி மாற்றுத்திறனாளி. அவர்களுக்கு இதே திட்டத்தில் பட்டதாரிக்கு 1,000, பத்து வருடம் வரை, வருமான வரம்பு இல்லை, பதிவு செய்து ஒரு வருடம் ஆனால் போதும். ஆக, தளர்த்த வேண்டும் என்று நினைத்தால் தளர்த்த முடிகிறது. ஆனால் வருடா வருடம் போய் "இன்னும் வேலை இல்லை" என்று ஒப்பிப்பது அவனுக்கும் உண்டு. அங்கே "இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்" என்று ஒருவர் கேட்டுவிட, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஈஸ்ட்ஹாம்_வாசி:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்துப் பக்கம், இப்போது லண்டனில் இருக்கிறேன். இங்கே காசு கூட, ஆனால் பார்வை அதேதான். வேலையில்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அரசாங்கம் தருவது யூனிவர்சல் கிரெடிட் என்று, 25 வயதோ அதற்கு மேலோ ஆன தனி ஆளுக்கு மாதம் 400 பவுண் சொச்சம், வீட்டு வாடகைக்கு வேறு கணக்கு. விண்ணப்பித்து முதல் காசு வர ஐந்து கிழமை, அதாவது ஐந்து வாரம். அதுவரை சாப்பாட்டுக்கு முற்பணம் தருவார்கள், அது கடன், பிறகு மாதா மாதம் கழிப்பார்கள். பெரும்பாலான ஆட்களுக்கு கிழமைக்கு 35 மணி நேரம் வேலை தேட வேண்டும் என்று ஒப்பந்தம், அதைக் கணினியில் எழுதிக் காட்ட வேண்டும். ஜாப் சென்டர் என்கிற வேலைவாய்ப்பு அலுவலகச் சந்திப்புக்குப் போகாவிட்டால் காசு வெட்டு, திரும்பப் போய் நிற்கும் வரைக்கும், அதற்கு மேலும் ஒரு கிழமை. தந்த வேலையை மறுத்தால் முதல் தடவையே 91 நாள். 2019 வரைக்கும் இந்த வெட்டு மூன்று வருடம் வரை போகலாம் என்று இருந்தது, அதற்குப் பிறகுதான் ஆறு மாதமாகக் குறைத்தார்கள்.

கேட் ரெய்லி என்று நிலவியல் (ஜியாலஜி) படித்த ஒரு பிள்ளை. சம்பளமில்லாமல் மியூசியத்தில் தொண்டு வேலை செய்துகொண்டிருந்தவளை, அதை விட்டுவிட்டு பவுண்ட்லாண்ட் கடையில் சம்பளமில்லாமல் நிற்கச் சொன்னார்கள், இல்லாவிட்டால் காசு நிற்கும் என்று. வழக்குப் போட்டாள். 2013இல் அந்த விதிமுறைகள் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா, வெட்டின காசைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பதற்காகவே பழைய தேதியில் இருந்து செல்லுபடியாகிற மாதிரி அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது.

ஆனால் ஒன்று. இங்கே வெட்டினால் முடிவு எழுத்தில் வரும், அதை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம், அதற்கும் மேலே தீர்ப்பாயம் உண்டு. எங்கட ஆட்கள் ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்துப் பயந்து அப்படியே விட்டுவிடுவார்கள், நான் சில பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், வென்றும் இருக்கிறார்கள். ஐயா சொன்ன மாதிரி எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை எதிர்த்து எங்கேயும் மேல்முறையீடு செய்ய ஏலாது.

கரூர்_டெக்ஸ்:

அப்பாவைப் பார்த்துக்கொள்வது தனி விஷயம், அதில் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் கருத்து மாறவில்லை. எங்கள் கம்பெனியில் வேலை போனவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் 90 நாள் வரை நிவாரணம் என்று 2018இல் ஒரு திட்டம் வந்தது. அது அவர்கள் சம்பளத்தில் பிடித்துக் கட்டின காசு, கேட்க உரிமை உண்டு. இது இலவசம். இலவசத்துக்கு யாராவது சோதிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் வேலையில் இருக்கிறவனும் வந்து நிற்பான்.

மேட்டுத்தெரு:

சரிங்க, சோதிக்கட்டும். சோதிப்பதற்கும் அவமானப்படுத்துவதற்கும் நடுவில் ஒரு ரசீது அளவுக்கு இடம் இருக்கிறது, அதைக்கூடத் தரமாட்டேன் என்கிறார்களே, அதுதான் பிரச்சினை. உரிமை என்று சட்டத்திலேயே எழுதினால் மட்டும் கிடைத்துவிடுகிறதா? நூறு நாள் வேலைக்கான 2005 சட்டத்தில், வேலை கேட்டு 15 நாளுக்குள் தராவிட்டால் வேலையில்லாப்படி உண்டு என்றே இருந்தது, முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதற்குப் பிறகு பாதி. அதை வாங்கினவர் யாரையாவது உங்கள் ஊரில் பார்த்திருக்கிறீர்களா? ஏன் என்றால் என்றைக்கு வேலை கேட்டீர்கள் என்பதற்குத் தேதி போட்ட ரசீது வேண்டும். அந்த ரசீதை எங்கள் ஊராட்சியில் தரவே மாட்டார்கள். என் அம்மா கேட்டதற்கு "ரசீது கேட்கிறவங்களுக்கு அடுத்த வாரம் வேலை இருக்காது" என்று பதில். சட்டப்படி தர வேண்டிய காசைத் தராமலே இருக்க இதைவிட மலிவான வழி உண்டா?

செஞ்சி_வாசகி:

டியூஷன் விவரத்தையும் சேர்த்துப் புது உறுதிமொழி எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டேன். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பதென்றால் என்ன எழுத வேண்டும், ஐயா?

பழைய_குமாஸ்தா:

திங்கள் மனுவுக்குப் பதிவு எண்ணோடு ஒப்புகை தருவார்கள், வாங்காமல் வராதீர்கள்.

தகவல் மனு வெள்ளைத்தாளில் போதும், "பொதுத் தகவல் அலுவலர்" என்று விலாசம் போட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள், முத்திரைத்தாள் விற்பவரிடம் கிடைக்கும். "ஏன் நிறுத்தினீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலாக ஏதாவது எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: என் தொகையை நிறுத்திய உத்தரவின் நகல், அதில் கையெழுத்திட்ட அலுவலரின் பதவி, என் கோப்பில் உள்ள குறிப்புகளின் நகல், உறுதிமொழி ஆவணங்களை வரவு வைக்கும் பதிவேட்டில் அந்த மாதப் பக்கங்களின் நகல். இந்தக் கடைசி நகல் முக்கியம். பதிவேடே இல்லை என்று பதில் வந்தால் "உங்கள் படிவம் வரவில்லை" என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்று திருப்பிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. பணம் நின்ற மாதங்களையும் உங்கள் மூன்று வருடக் கணக்கில் கழிக்கிறார்களா என்று கேளுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.