இருசு ஒதுக்கமா, அச்சுப் பெயர்ச்சியா?
(பேசுகிறவர்களுக்கு அவரவர் ஊரே பெயர்.)

வெள்ளவத்தை:
வாகனப் பாடக் குறிப்பு வியாழக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், ஒரு கலைச்சொல்லில் நிற்கிறேன். பழைய கொரோலா கே.ஈ.70இன் ஸ்பிரிங்கை வெட்டிப் பொடியன்கள் காரைப் பதிக்கிறார்கள். உடனே பின் எக்ஸல், அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு, ஒரு பக்கம் போய்விடுகிறது. ஒரு டயர் மட்கார்டுக்கு வெளியே எட்டிப்பார்க்க, மற்றது உள்ளே ஒளிகிறது. காரணம் பனார்ட் ரொட், எக்ஸலைப் பக்கவாட்டில் அசையாமல் பிடிக்கும் கம்பி. ஒரு முனை செசியில் (காரின் அடிச்சட்டம்), மறுமுனை எக்ஸலில், சாய்வாக நிற்கும். கார் பதிய ரொட் கிடையாகிறது. நீளம் மாறாததால் எக்ஸலைத் தள்ளுகிறது. 900 மி.மீ. ரொட்டின் முனைகளுக்கு 100 மி.மீ. உயர வித்தியாசம் இருந்து, காரை 50 மி.மீ. இறக்கினால் தள்ளல் 4 மி.மீ. சொச்சம். எக்ஸல் இப்படி விலகுவதற்குத் தமிழில் ‘அச்சுப் பெயர்ச்சி’ சரியா?

கொட்டாஞ்சேனை:
சனிப்பெயர்ச்சி மாதிரி இருக்கிறது, பரிகாரம் கேட்பார்கள். கணிதத்திலும் அச்சு, அச்சகத்திலும் அச்சு. வண்டி எக்ஸலுக்கென்றே ‘இருசு’ இருக்கிறதே! இருசு + ஒதுக்கம் = இருசொதுக்கம்.

தெஹிவளை:
‘சொதுக்கம் என்றால் என்ன சேர்’ என்பான் மாணவன். 475ஆம் குறளில் மயிற்பீலி ஏற்றிய வண்டிக்கும் ‘அச்சிறும்’ (அச்சு முறியும்) என்றுதான் இருக்கிறது. வள்ளுவருக்குப் போதுமான சொல் நமக்குப் போதாதா?

வத்தளை:
இருசு, வடமொழி ‘ருஜு’வின் திரிபு என்பது என் நெடுநாள் எண்ணம். ருஜு என்றால் நேர். நேரை வைத்தா கோணலுக்குப் பெயர்?

கொட்டாஞ்சேனை:
ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? அப்படியென்றால் கஜானாவுக்குக் கட்டுகிற பணமான இருசாலும் வண்டிச் சாமான்தான்.

மருதானை:
சண்டையை விட்டுவிட்டு, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே மெக்கானிக் பாஸ் காருக்கடியிலிருந்து தலையைக்கூட நீட்டவில்லை. ‘எக்ஸல் ஒதுங்கிட்டுது. கூட்டிக் குறைக்கிற ரொட் போட்டுக் கொஞ்சம் கட்டையாக்கினா நடுவுக்கு வரும்’ என்றார். ஒதுங்கல் அவர் வாயிலேயே இருக்கிறது, ஐயாமாரே.

வெள்ளவத்தை:
இன்று புதன். ‘இருசு ஒதுக்கம்’ என்று பிரித்தே போடுகிறேன். முதல் தடவை வரும் இடத்தில் எக்ஸலும் பக்கத்தில் நிற்கும். மூன்று பேர் சரி என்று தனியாக எழுதியிருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை:
புணர்ச்சி போனாலும் இருசு தப்பியது. சரி.

தெஹிவளை:
என் வகுப்பில் அச்சு என்றே படிப்பிப்பேன்.