டயாலிசிஸ் காப்பீட்டில் இலவசம், ஆனாலும் மாதாமாதம் கைக்காசு கரைகிறதே?

மணிமுத்தாறு:
அப்பாவுக்கு வாரம் 3 முறை டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டில் ஓடுவதால் மெஷினுக்குக் காசில்லை. ரத்தம் மெஷினுக்குப் போய்வர இன்னும் கழுத்துக் குழாய்தான். ஊசி, டெஸ்ட், ஆட்டோ எல்லாம் கைக்காசு. எதைக் குறைக்கலாம்? வாரம் 2 முறையாக்கினால் ஆகுமா?

டயாலிசிஸ் டெக்னீஷியன்:
முதலில் கழுத்துக் குழாயைப் பாருங்கள். பணம் ஒழுகுகிற ஓட்டை அதுதான். தொற்று வந்தால் அட்மிஷன், விலை கூடிய ஆன்டிபயாட்டிக், பிறகு புதுக் குழாய். மெஷின் ஏறிய கொஞ்ச நேரத்தில் உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கினால் பாராசிட்டமால் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) எடுத்தாக வேண்டும்.

குழாய்க்குப் பதில் கையில் ஃபிஸ்டுலா போடக் கேளுங்கள்; தமனியையும் சிரையையும் இணைக்கிற சின்ன ஆபரேஷன் அது. போட்டவுடன் ஊசி குத்த முடியாது, அந்த ரத்தக்குழாய் தடித்துப் பழுக்க 6 முதல் 8 வாரம்; சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் இழுக்கலாம். அந்தக் கையில் பிபி பார்ப்பது, ரத்தம் எடுப்பது, டிரிப் எதுவும் கூடாது. தினமும் காலையில் தையல் போட்ட இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள்: பூனையைத் தடவும்போது வருகிற உர்ர் மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ரத்தம் உறைந்து இறுகி, மறுபடி ஆபரேஷன்தான்.

2 முறை வேண்டாம். இப்போதே 2 நாள் இடைவெளி விழுகிற வாரக் கடைசியில்தான் மூச்சுத்திணறலும் பொட்டாசியமும் ஏறும். நள்ளிரவில் ஒருமுறை ஐசியூவுக்கு ஓடினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு.

மருந்துக்கடை:
ஊசிக் காசு வீணாவதைப் பற்றி. ரத்தம் ஊறப் போடும் எரித்ரோபாய்டின் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், டோஸ் கூட்டும் முன் ஃபெரிட்டின், டிசாட் (TSAT) என்ற இரண்டு இரும்புச்சத்து டெஸ்டும் பார்க்கச் சொல்லுங்கள். டிசாட் 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் உடம்பில் இரும்பு போதவில்லை. ஊசியை எவ்வளவு கூட்டினாலும் பெரிதாகப் பலன் வராது. ஐயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு ஊசி அதைவிட மலிவு, மெஷின் ஓடும்போதே ஏற்றிவிடலாம். தொற்று இருந்தாலும் எரித்ரோபாய்டின் சரியாக வேலை செய்யாது. கழுத்துக் குழாயில் வருகிற தொற்றும் அதில் சேரும்.

இன்னொன்று, எரித்ரோபாய்டின் ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும். ஃப்ரீசரில் உறைந்ததும், பயணத்தில் ஐஸ்கட்டியை நேராக ஒட்டி வைத்து உறைந்ததும் குப்பைக்குத்தான். குலுக்கவும் கூடாது.

கணக்குப்பிள்ளை:
காப்பீட்டின் 5 லட்சம் குடும்பத்துக்கே மொத்தமாக ஓர் ஆண்டுக்கு. வாரம் 3 என்றால் ஆண்டுக்கு 156 தடவை, அதனால் வீட்டில் வேறு யாருக்காவது ஆபரேஷன் இருந்தால் மீதி எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரயிலில் போகிறவர்கள் என்றால் டயாலிசிஸுக்குப் போகும் நோயாளிக்கும் துணைக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஸ்லீப்பரில் 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழ் வாங்கணும்.

சென்டர் தூரம் என்றால், வயிற்றுக்குள் திரவம் விட்டு வடித்து வீட்டிலேயே செய்கிற வயிற்று வழி டயாலிசிஸ் சரிப்படுமா என்று நெஃப்ராலஜிஸ்டிடம் கேளுங்கள். 2 லிட்டர் திரவப் பை, நாளுக்கு 3 என்றாலும் மாதம் 90 பை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். வடிகிற நீர் கலங்கினால் அன்றே காட்டணும்.

மணிமுத்தாறு:
இளநீர் கொடுக்கலாமா?

டயாலிசிஸ் டெக்னீஷியன்:
கூடவே கூடாது, பொட்டாசியம் எகிறும். ஒரு நாளுக்கு மொத்தத் தண்ணீர் முந்தின நாள் சிறுநீர் அளவும் கூட 500 மி.லி.யும்தான், ரசம், மோர், காபி எல்லாம் அதிலேயே அடங்கும். ஊறுகாய், அப்பளத்தை நிறுத்துங்கள், தாகம் தானாகக் குறையும்.