மீன் தொட்டிக்கு மழைநீர் கலப்பது குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். எங்கள் குழாய் நீரின் பொதுக் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு) 18 டிகிரி, கார்பனேட் கடினத்தன்மை (நீரின் அமில-காரத் தன்மை சட்டென்று மாறாமல் தாங்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவு) 12 டிகிரி என்று சோதனைக் கரைசல் காட்டுகிறது. தொட்டிக் கண்ணாடியின் விளிம்பில் படியும் வெள்ளைக் கறை சுரண்டினாலும் போக மறுக்கிறது. மென்னீரை விரும்பும் நியான் டெட்ரா மீன்களுக்காக, கடினத்தன்மை ஏறக்குறைய இல்லாத மழைநீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் இவை 9, 6 டிகிரியாகக் குறையும் என்பது எளிய கணக்குதான். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் சேர்த்தால் கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரிக்கு இறங்கிவிடும் என்பதால், பிஎச் (அமில-காரத் தன்மை) அளவு திடீரென்று சரிந்து மீன்களைப் பாதிக்குமோ என்று தயங்குகிறேன்.

மேலும், எங்கள் கூரை துத்தநாகப் பூச்சுத் தகடு. முதலில் வழியும் அழுக்கு நீரை ஒதுக்கினாலும் துத்தநாகம் கரைந்து வருமே. அதற்குக் கரி வடிகட்டி போதுமா, அல்லது திறந்த வெளியில் நேரடியாகப் பிடிப்பதே நல்லதா? மழைநீர் கலந்து மீன் வளர்ப்பவர்கள் தங்கள் விகிதத்தையும் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.